மூன்று வயதுப் பையன், ஆறு வயதுப் பெண்: வெளியே விளையாட என்ன வாங்கித் தரலாம்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சென்னையில் அடுக்குமாடி வீடு. மகனுக்கு மூன்று வயது முடிந்து சில மாதம், மகளுக்கு ஆறு. கீழே கார் நிறுத்தும் இடத்தை ஒட்டிக் கொஞ்சம் காலி இடம், பத்து நிமிட நடையில் ஒரு பூங்கா. தாத்தா பாட்டி பிறந்தநாளுக்குப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். அதில் பிள்ளை உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி கார் வாங்கலாமா, ஓடியாடி விளையாடும்படி வேறு ஏதாவது வாங்கலாமா என்பது கேள்வி. பூங்காவுக்குக் கூட்டிப்போனால் மகன் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்கிறான் என்ற வருத்தமும் கூடவே இருக்கிறது.

பேட்டரி கார் வேண்டாம். பாலர் பள்ளியில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவள் நான். எந்த விளையாட்டுச் சாமானைக் கையில் எடுத்தாலும் முதலில் ஒன்றைத்தான் பார்ப்பேன்: பிள்ளை நின்றால் இதுவும் நின்றுவிடுமா? நிற்கும் என்றால் அதை நம்பி வாங்கலாம். பந்து, கயிறு, டயர், காற்றாடி, மிதிவண்டி எல்லாம் அந்த வகை. பேட்டரி காரில் பிள்ளை உட்கார்ந்திருப்பான், கார் ஓடும். ஒரு பாதத்தை அழுத்துவதைத் தவிர அவன் உடம்புக்கு அதில் வேலை கிடையாது.

எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வெளியிட்ட வழிகாட்டுதல்படி, மூன்று, நான்கு வயதுப் பிள்ளை ஒரு நாளில் 180 நிமிடமாவது உடம்பை அசைத்துக்கொண்டிருக்க வேண்டும். அதில் 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும். மகளுக்கும் தினம் சராசரியாக 60 நிமிடம் அப்படிப்பட்ட ஓட்டம் வேண்டும். மூன்று மணி நேரமா என்று மலைக்காதீர்கள். சின்னப் பிள்ளைகள் தொடர்ந்து ஓடுவதில்லை. பத்து விநாடி ஓடுவார்கள், குந்திக்கொண்டு எறும்பைப் பார்ப்பார்கள், மறுபடி ஓடுவார்கள். நாள் முழுதும் சிதறிக் கிடக்கும் அந்தத் துண்டுகளையெல்லாம் கூட்டித்தான் 180.

நான் சொல்லும் முதல் சாமான் காற்றாடி. சென்னையில் காத்தாடி என்றால் பட்டம் என்று எடுத்துக்கொள்வார்கள். நான் சொல்வது காற்றில் சுழலும் காற்றாடி. எங்கள் ஊரில் இரண்டு பனையோலைத் துண்டுகளைக் குறுக்காகக் கோத்து, நடுவில் கருவேல முள்ளைக் குத்தி, குச்சி நுனியில் செருகித் தருவார்கள். காற்றில்லாத மத்தியானத்தில் அது சும்மா இருக்கும். பிடித்துக்கொண்டு ஓடினால் விர்ரென்று சுற்றும், வேகம் கூடக் கூடச் சத்தமும் கூடும், நின்றால் நின்றுவிடும். "ஓடு" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டியதில்லை. மூன்று வயதுக்கு முள் வேண்டாம். கடற்கரையில் விற்கும் காகிதக் காற்றாடி போதும். குச்சியை ஒரு சாணுக்கு வெட்டி நுனியை மழுக்கிக் கொடுங்கள். குச்சியை வாயில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

அடுத்து, தள்ளுவதும் இழுப்பதும். உங்கள் மகன் நடைவண்டி வயதைத் தாண்டிவிட்டான். ஆனாலும் ஒரு வயதுப் பிள்ளை இருக்கும் வேறு யாராவது இதைப் படிக்கலாம் என்பதால் சொல்கிறேன். மரத்தாலான மூன்று சக்கர நடைவண்டியும், பிள்ளையை நடுவில் உட்காரவைக்கும் பிளாஸ்டிக் வாக்கரும் ஒன்றல்ல. நடைவண்டியில் பிள்ளை தன் காலில் நின்று, தன் எடையைத் தானே தாங்கித் தள்ளுகிறது. வாக்கரில் தொங்கிக்கொண்டு விரல் நுனியால் தரையைத் தட்டுகிறது. படிக்கட்டுப் பக்கம் போய்விட்டால் பெரியவர் எட்டிப் பிடிப்பதற்குள் விழுந்துவிடும். கனடா 2004-இல் வாக்கர் விற்பனையையே தடை செய்துவிட்டது. நடைவண்டி நமக்குப் புதிதும் அல்ல. காவிரிப்பூம்பட்டினத்தில் உலரும் நெல்லைத் தின்ன வந்த கோழியை விரட்டப் பெண்கள் காதுக் குழையைக் கழற்றி எறிய, அது சிறுவர் உருட்டிவரும் மூன்று கால் சிறுதேரின் வழியை மறித்தது என்று பட்டினப்பாலை சொல்கிறது. பிள்ளைத்தமிழிலும் ஆண்பாலுக்குக் கடைசிப் பருவம் சிறுதேர், பெண்பாலுக்குக் கடைசிப் பருவம் ஊசல். பிள்ளை எந்த வயதில் எதை உருட்டும், எதில் ஆடும் என்பதை அவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள். வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: வண்டி இலேசாக இருந்தால் பிள்ளையை விட்டுவிட்டு முன்னால் ஓடும். அடிக்கட்டையில் இரண்டு கிலோ அரிசிப் பையைக் கட்டிவிடுங்கள்.

உங்கள் மகனுக்கு இப்போது பாரம் இழுக்கும் விளையாட்டு வேண்டும். உறுதியான அட்டைப்பெட்டி ஒன்றில் துளை போட்டுக் கயிறு கட்டுங்கள். தேங்காய், தண்ணீர் பாட்டில் என்று எதையாவது ஏற்றி இழுக்கட்டும். பாக்குத்தோப்பு உள்ள ஊருக்குப் போனால் விழுந்து கிடக்கும் பாக்கு மட்டையை எடுத்து வாருங்கள். ஒருவர் மட்டையில் உட்கார, மற்றவர் ஓலைப் பக்கத்தைப் பிடித்து இழுத்து ஓடுவதற்கு ஈடான விளையாட்டை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. இழுப்பவருக்குத் தோளும் முதுகும் தொடையும் வேலை செய்கின்றன. உட்கார்ந்திருப்பவருக்கும் வளைவில் கவிழாமல் இருக்க வயிறு இறுகுகிறது. உங்கள் மகளால் தம்பியை இழுக்க முடியும். தம்பி அக்காவை இழுக்கத் திணறுவான். திணறட்டும், அதுதான் அவனுக்குப் பயிற்சி.

மகளுக்குப் பழைய சைக்கிள் டயர். ரிப்பேர் கடையில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். ஓரத்துக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள். ஒரு சாண் குச்சியால் தட்டிக்கொண்டே ஓட வேண்டும். தட்டும் வேகம், ஓடும் வேகம், திருப்பம் மூன்றையும் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டியிருப்பதால் ஆறு வயதுக்கு இது பொருத்தம். நுங்குக் காலத்தில் ஊருக்குப் போனால், தின்றுபோட்ட இரண்டு பனங்காய்களைக் குச்சியில் கோத்துக் கவட்டையால் தள்ளும் நுங்கு வண்டியையும் செய்து கொடுங்கள். டயரை மட்டும் மாடியிலோ தோட்டத்திலோ விட்டுவிடாதீர்கள். மழைநீர் தேங்கினால் டெங்குக் கொசு அதில்தான் முட்டையிடும்.

இப்போது பந்து. ஒரே ஒரு சாமான்தான் வாங்க முடியும் என்றால் பந்தைத்தான் வாங்கச் சொல்வேன். ஆனால் பந்தைக் கொடுத்த கையோடு "பிடி, பிடி" என்று எறியாதீர்கள். மூன்று வயதுப் பிள்ளை பந்தைக் கையால் பிடிப்பதில்லை. இரண்டு கையையும் நீட்டி வைத்துக்கொண்டு, வந்து விழுந்ததும் மார்போடு அணைத்துக்கொள்ளும். அவன் வயதுக்கு அதுதான் பிடித்தல். விரல்களால் கவ்விப் பிடிக்க ஐந்து, ஆறு வயதாகும். அதற்குள் டென்னிஸ் பந்தை எறிந்தால் முகத்தில் படும். இரண்டு தடவை பட்டால் கண்ணை மூடித் தலையைத் திருப்பப் பழகிவிடுவான். அந்தப் பழக்கத்தைப் பிறகு மாற்றுவது பெரிய பாடு. ஏழு வயதில் பந்தைக் கண்டாலே ஒதுங்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பயந்தாங்கொள்ளி என்று பட்டம் கட்டிவிடுவார்கள். முதல் பந்து சரியாக அமையாததுதான் காரணம்.

ஆகவே மகனுக்கு ஊதி நிரப்பும் மெல்லிய பிளாஸ்டிக் பந்து ஒன்று வாங்குங்கள். சின்னப் பூசணிக்காய் அளவு இருந்தால் நல்லது. மெதுவாக மிதந்து வரும், பட்டால் வலிக்காது, கண் அதைத் தொடர நேரம் கிடைக்கும். ரப்பர் பலூன் கொடுப்பதாக இருந்தால் நீங்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வெடித்த துண்டு தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது மிகக் கடினம். முதலில் தரையில் உருட்டுங்கள். பிறகு தரையில் ஒரு முறை குத்தி எழும்பும்படி போடுங்கள். எழும்பி வரும் பந்து நெஞ்சுயரத்தில் ஒரு கணம் வேகம் குறைந்து நிற்கும். பிள்ளைக்குப் பிடிக்க அதுதான் வசதி. அதற்குப் பிறகுதான் நேராக எறிவது. எறியும்போது பிள்ளை உங்கள் முகத்தைப் பார்ப்பான். "பந்தைப் பார்" என்று கத்துவதைவிட, பந்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு மீன் வரைந்து "மீன் வருது, கண்ணு எங்கே இருக்கு பார்" என்று சொல்லிப் பாருங்கள்.

மகளுக்குத் துணிப்பந்து. பழைய பருத்திப் புடவைத் துணியை இறுக்கிச் சுருட்டி, நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, மேலே ஒரு துணி வைத்துத் தைத்தால் ஆயிற்று. ஏழு கல் ஆடலாம், சுவரில் கரித்துண்டால் வட்டம் போட்டுக் குறி பார்க்கலாம், கார் கண்ணாடியும் உடையாது. அவள் எறிவதைக் கவனியுங்கள். வலது கையால் எறியும்போது வலது காலையே முன்னால் வைத்தால் இன்னும் பழகவில்லை என்று பொருள். தரையில் சாக்பீஸால் இடது பாதம் ஒன்றை வரைந்து, "எறியும்போது இதை மிதி" என்று சொல்லுங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பந்து முன்பைவிடத் தூரமாகப் போகும். மட்டை கொடுப்பதாக இருந்தால் இருவருக்குமே ஓடிவரும் பந்து வேண்டாம். கவிழ்த்த வாளி மேல் பந்தை வைத்து அடிக்கட்டும். நின்ற பந்தை அடித்துப் பழகிய பிள்ளை, வரும் பந்தைக் கண்டு பின்வாங்காது.

தாத்தா பாட்டி கொடுத்த பணத்தில் பெரிய பங்கு மிதிவண்டிக்குப் போகட்டும். மகனுக்கு 12 அங்குலச் சக்கரம் வைத்த சின்ன சைக்கிள். அதோடு பக்கத்தில் இரண்டு குட்டிச் சக்கரம் மாட்டித் தருவார்கள், கழற்றிவிடுங்கள். பெடலையும் கழற்றிவிடுங்கள். கேட்க விசித்திரமாக இருக்கும், காரணம் சொல்கிறேன். சைக்கிளில் கடினமானது மிதிப்பது இல்லை, சாயாமல் இருப்பது. பக்கச் சக்கரம் வைத்த சைக்கிள் சாயவே சாயாது. அதனால் இரண்டு வருடம் ஓட்டினாலும் சமநிலை வராது, அதைக் கழற்றும் நாளில் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பெடல் இல்லாத வண்டியில் பிள்ளை இரண்டு காலாலும் தரையை உந்தித் தள்ளுவான். முதல் வாரம் உட்கார்ந்தபடி நடப்பான். பிறகு ஓடுவான். ஒரு நாள் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு ஐந்து அடி போவான். அந்த ஐந்து அடியில் சைக்கிள் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடலை மாட்டிக் கொடுத்தால் பெரும்பாலும் சில நாளில் ஓட்டிவிடுவான். இது நவீன வித்தையும் இல்லை. 1817-இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய முதல் இருசக்கர வண்டியே பெடல் இல்லாமல் காலால் உந்திப் போனதுதான். நம் தலைமுறை வாடகை சைக்கிள் எடுத்துக் குரங்குப் பெடல் போட்டுக் கற்றதும் இதற்குக் கிட்டத்தில்தான் வருகிறது: எப்போது வேண்டுமானாலும் காலைத் தரையில் ஊன்றலாம் என்ற தைரியம்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படும்படி சீட்டை இறக்குங்கள். "வளர்ந்தாலும் உதவும்" என்று பெரிய சைக்கிள் வாங்குவது நம் வீடுகளில் வழக்கம். இந்த ஒரு சாமானில் அது வேண்டாம். கால் எட்டாத சைக்கிளில் பிள்ளை பயத்தைத்தான் கற்கும். அடுத்தது, பெடலைக் கழற்றும்போது வலப் பக்கப் பெடல் வழக்கம்போல இடஞ்சுழியாகக் கழலும். இடப் பக்கப் பெடலுக்கு மரை தலைகீழ், வலஞ்சுழியாகத் திருக வேண்டும். தெரியாமல் பலம் கொடுத்தால் இன்னும் இறுகிவிடும். ஸ்பேனர் இல்லாவிட்டால் சைக்கிள் கடையில் இரண்டு நிமிட வேலை. தலைக்கவசம் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும்.

கயிறு மலிவு, இருவருக்கும் உதவும். மகளுக்கு ஸ்கிப்பிங் இப்போது வரும் வயது. கயிற்றின் நடுவில் நின்று இரு முனையையும் தூக்கினால் அக்குள் வரை வர வேண்டும், அதுதான் அளவு. மகனுக்கு அதே கயிற்றைத் தரையில் நீட்டி வையுங்கள்: மேலே நடக்கட்டும், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவட்டும். நீங்கள் ஒரு முனையைப் பிடித்து ஆட்டினால் அது பாம்பு, மிதிக்காமல் தாண்ட வேண்டும். பாண்டி ஆட சாக்பீஸும் ஒரு ஓட்டுச் சில்லும் போதும். ஒற்றைக் காலில் தாவுவது நான்கு வயது வாக்கில்தான் வரும் என்பதால், மகன் இப்போதைக்கு இரண்டு காலாலும் கட்டம் தாண்டட்டும்; அக்கா "ஔட்" சொல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மகன் நின்று வேடிக்கை பார்ப்பதைப் பற்றி. அவனிடம் குறை ஒன்றும் இல்லை. மூன்று வயதில் பெரும்பாலான பிள்ளைகள் இன்னொரு பிள்ளையோடு சேர்ந்து விளையாடுவதைவிட அதன் பக்கத்தில் விளையாடுகிறார்கள். மாலை ஆறு மணிக்குப் பத்து வயதுப் பையன்கள் மட்டையோடு ஓடும் பூங்காவில் அவன் நின்று பார்ப்பது புத்திசாலித்தனம். கூட்டம் வருவதற்கு முன் போங்கள். "போய் விளையாடு" என்று பெஞ்சில் உட்கார்ந்து சொல்லாமல், நீங்கள் தரையில் உட்காருங்கள். கையில் ஒரு வேலை கொடுங்கள். அரை லிட்டர் பிளாஸ்டிக் குடமும், நான்கு செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பும் கிடைத்த பிள்ளை, குழாய்க்கும் செடிக்கும் இருபது முறை நடக்கும். என் வகுப்பில் யாரோடும் சேராமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பிள்ளை இரண்டு மாதம் இந்தக் குடத்தைத்தான் தூக்கியது. பிறகு குடம் தூக்க இன்னொருவனைச் சேர்த்துக்கொண்டது.

மணல் கிடைத்தால் பாக்கியம். ஒரு வாளி, ஒரு பழைய சல்லடை, ஒரு கரண்டி போதும். கட்டட வேலைக்குக் கொட்டியிருக்கும் எம்-சாண்ட் விளையாட ஆகாது. அது உடைத்த கல், ஓரம் கூர்மை, தூசியும் நெஞ்சுக்குள் போகும். ஆற்று மணலானால் இரவில் தார்ப்பாய் போட்டு மூடுங்கள், பூனை அசுத்தம் செய்துவிடும்.

இப்போதைக்கு வேண்டாதவை. கிட்டிப்புள் எனக்குப் பிடித்த விளையாட்டு, ஆனால் எட்டு வயதுக்கு முன் கொடுக்க மாட்டேன். புள் கண்ணில் பட்டால் திரும்பப் பெற முடியாத இழப்பு. ஆணி வைத்த பம்பரம் மகளுக்கு அடுத்த வருடம், தம்பி எட்ட நிற்கும்போது. கோலி மகன் வாயில் வைக்கும் பழக்கம் முழுதாகப் போகும்வரை வீட்டுக்குள்ளேயே வேண்டாம். சின்னச் சாமான்களைச் சோதிக்கத் தர நிர்ணயத்தில் ஒரு குழல் உண்டு, 31.7 மில்லிமீட்டர் விட்டம். அதற்குள் முழுதாக அடங்குவது மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் தொண்டையை அடைக்கக்கூடியது. பட்டம் விடலாம், சாதாரண நூலில் மட்டும். மாஞ்சா கழுத்தை அறுக்கும். டிராம்போலின் வீட்டில் வைக்க வேண்டாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் நிலை. இருவர் சேர்ந்து குதிக்கும்போது சின்னப் பிள்ளைதான் தூக்கி எறியப்படும். புடவையிலும் துப்பட்டாவிலும் ஊஞ்சல் கட்டிப் பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். முறுக்கிச் சுற்றும்போது துணி கழுத்தில் இறுகிப் பிள்ளைகள் இறந்த செய்தி நம் ஊரில் திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு தடவையும் படிக்க முடியாமல் வைத்துவிடுகிறேன். பலகை ஊஞ்சல் நல்லது. உள்காதில் சமநிலையை உணரும் உறுப்புக்கு அதைப்போல் பயிற்சி கொடுப்பது வேறில்லை.

கடையில் வாங்கும் பொம்மையில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. அங்கே சாயம் கையில் ஒட்டுகிறதா, சிலாம்பு நீட்டுகிறதா என்று நீங்களே பார்த்து வாங்க வேண்டும்.

நேரம்: சென்னை வெயிலில் காலை எட்டரைக்குள், மாலை நாலரைக்கு மேல். இரும்புச் சறுக்குமரத்தில் உட்காரவைக்கும் முன் உங்கள் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். இருட்டும் வரை தள்ளிப்போடாதீர்கள். பகல் வெளிச்சம் கண்ணுக்கு வேண்டும், மகளுக்கு இது முக்கியமான வயது. சீனாவில் குவாங்சோ நகரின் 12 பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பாதியை மூன்று வருடம் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தார்கள். 2015-இல் வந்த முடிவு: வெளியே போனவர்களில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது, மற்றவர்களில் 39.5 சதவீதம்.

கார் நிறுத்துமிடத்தில் விளையாடும்போது ஒரு பெரியவர் கட்டாயம் நிற்க வேண்டும்; பின்னால் எடுக்கும் காரின் ஓட்டுநருக்கு மூன்று வயதுப் பிள்ளை தெரியவே தெரியாது. உங்கள் குடியிருப்பில் "பந்து விளையாடக் கூடாது" என்ற பலகை இருந்தால் சங்கத்தில் பேசுங்கள். துணிப்பந்தைக் கொண்டுபோய்க் காட்டி, மாலை நாலரை முதல் ஆறு வரை ஒரு மூலையைக் கேளுங்கள். பிள்ளை இருக்கும் இன்னும் மூன்று வீட்டைச் சேர்த்துக்கொண்டு போனால் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

இந்த வாரம் பந்தும் கயிறும் காற்றாடியும் மட்டும் வாங்குங்கள், அடுத்த மாதம் சைக்கிள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டினால் எதையும் தொட மாட்டார்கள். மீதிப் பணத்தை எடுத்து வையுங்கள். தம்பி காலைத் தூக்கி ஓட்டத் தொடங்கும் நேரத்தில் அக்காவுக்கு 20 அங்குலச் சைக்கிள் தேவைப்படும்.